ரிஞ்சானியில் என் பெயர் சட்டி

அன்புள்ள ஹெர்மினாவுக்கு,

நீயும் டென்சியும் சுகமா? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன், சோற்றுக்குக் குறைவில்லை.

வெயில் காலம் முழுக்க மூக்கிலும் வாயிலும் இந்த ரிஞ்சானி மலையின் மணல். இப்போது மழை தொடங்கியதும் எந்நேரமும் மூடுபனி. போன வாரம் மலையேற வந்தவர்களின் சமையல் சாமானைச் சுமந்து இறங்கும்போது வழி தவறிவிட்டேன். பனிக்குள் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மலை அதைக் கற்றுக்கொண்டு, பிறகு தானே கூப்பிடுமாம். அந்தக் குரலை நம்பிப் போனவன் திரும்ப மாட்டானாம். அதனால் இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் சட்டி.

"ஏய் சட்டி! எங்கடா இருக்கே?" என்று கத்தினார் எங்கள் மேஸ்திரி அமாக் செரி. 'செரியின் அப்பா' என்று அர்த்தம், அவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

"இங்கதாண்ணே! இன்னும் உடையல!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பனி விலகியபோது எனக்கு முன்னால் தரையே இல்லை. பயப்படாதே, அங்கே பிடித்துக்கொள்ளப் புல் நிறைய இருந்தது.

மழைக்கு மலையை மூடினாலும் பாதையைச் சீர்செய்ய ஆள் வேண்டுமாம். கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. தடித்த காலுறையும் நம் வீட்டுக் காப்பித்தூளும் அனுப்பு.

இன்னொன்று. பனிக்குள் உட்கார்ந்திருந்தபோது என் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். யாரோ வேற்றாளின் பெயர் போல இருந்தது. நீயும் "டென்சியோட அப்பா" என்றுதான் கூப்பிடுவாய். பதில் போடும்போது ஒரே ஒரு தடவை என் பெயரை எழுது.

கடிதத்தைக் கொண்டுபோகும் லாரி வந்துவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். நீ தைரியமாக எழுது. தாளில் எழுதினால் மலைக்குக் கேட்காது.

கனிசியுஸ்