உங்களுக்காக நான் குடித்தது

இன்று காலை ஆட்டோவுக்குள் முதலில் ரோஜா வாசனை வந்தது, பிறகுதான் டம்ளர் வந்தது. ஜூன் வெயிலில் நம் ஜனக்புரி முனையில் சீக்கியர்கள் பந்தல் போட்டு, டிரம்மில் பாலும் தண்ணீரும் ரோஜா ஷர்பத்தும் ஐஸும் கலந்து, போகிற வருகிற வண்டிகளையெல்லாம் மறித்துக் கொடுப்பார்களே, அந்த சபீல்தான். நான் கையை நீட்டுவதற்குள் பக்கத்தில் இருந்த நம் பெண் பிடித்துவிட்டாள். "மம்மி, நோ! ஷுகர்னு இப்பதான டாக்டர் சொன்னார்?" டம்ளர் ஆட்டோ ஓரத்தில் அப்படியே நின்றது. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. வராமல் இருக்குமா?

கல்யாணமாகி நான் டில்லி வந்த கோடையில் நீங்கள் ஊர் சுற்றிக் காட்டியதே குடிக்கிற கடைகளை வைத்துத்தான். குதுப்மினாரைவிட, வழியில் இருந்த ஜல்ஜீரா என்கிற சீரகத் தண்ணீர்ப் பானையைத்தான் அதிக நேரம் பார்த்தோம். சிவப்பு ஈரத்துணி சுற்றிய பானை, அதன் மேல் புதினாக் கட்டு. ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பாத குறை. அதில் போடுகிற கறுப்பு உப்பு எனக்கு அழுகின முட்டை நாற்றம். கோலி சோடாவைத்தான் இங்கே பண்டா என்கிறார்கள் என்றதும் ஆசையாக வாங்கினேன். அதிலும் அதே உப்பு. ரோஜா ஷர்பத்தோ ஊதுபத்தியைக் கரைத்த மாதிரி. எனக்கு என் நீர்மோரே போதும் என்று சொல்லிவிட்டேன். "டில்லி வெயிலுக்கு டில்லித் தண்ணிதான் சரி. உன் நாக்கு இன்னும் ரயிலை விட்டு இறங்கலை" என்று பத்து வருஷம் கேலி செய்தீர்கள். நானும் பத்து வருஷம் மசியவில்லை.

பிறகு உங்கள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். நாளுக்கு முக்கால் லிட்டர்தான் உள்ளே போகலாம், காப்பி, ரசம், மாத்திரைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி நெயில் பாலிஷால் கோடு போட்டு வைப்பேன். நீங்கள் காப்பி குடித்தால் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவேன். ஜெயிலில் கூட என்னைவிட இளகின மனசுக்காரர்கள் இருப்பார்கள். ஒரு மத்தியானம் ஃப்ரிட்ஜைத் திறந்து, குளிர்ந்த பாட்டிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் கத்தினேன். "குடிக்கலைம்மா. சும்மா வச்சுக்கிட்டு இருக்கேன்" என்றீர்கள். சமையலறைக்குப் போய் அழுதேன். அன்றிலிருந்து உங்கள் எதிரில் தண்ணீர் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன்.

உங்களுக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது இதே முனையில் ஒரு சர்தார்ஜி நம் ஆட்டோவை மறித்தார். இவருக்குக் கூடாது என்று நான் இந்தியில் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. நீங்கள் சட்டென்று டம்ளரை வாங்கிக்கொண்டீர்கள். உதட்டை மட்டும் நனைத்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள்.

"நீ குடி. பாத்ரூம்ல ஒளிஞ்சுக்கிட்டுக் குடிக்கிறியே, என் கண்ணு முன்னாடி குடி."

மூக்கைப் பிடித்துக்கொள்ளாத குறையாகக் குடித்து முடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"இது ஒரு பதிலா? எங்க ஆபீஸ் ஃபைல்ல கூட இதைவிட விவரமா எழுதுவோம். சொல்லு."

வேறு வழியில்லாமல் நாக்கைக் கேட்டுப் பார்த்தேன். "முதல்ல பல்லு கூசுது. அப்புறம் இனிப்பு. கடைசியில லேசாப் பால் வாசனை." நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். "அச்சா. ஐஸ் ஜாஸ்தி போட்டுட்டாங்க" என்றீர்கள், நீங்களே குடித்தவர் போல.

அதிலிருந்து மூன்று கோடைகள், ஒவ்வொரு டயாலிசிஸுக்குப் பிறகும் ஒரு கடை. லஸ்ஸி, கரும்புச் சாறு, பண்டா, அந்தப் பாழாய்ப்போன ஜல்ஜீரா. நான் குடிப்பேன், நீங்கள் குறுக்கு விசாரணை செய்வீர்கள். வீட்டிலும் நான் மோர் குடித்தால், பெருங்காயம் தூக்கலா என்று கூடத்திலிருந்து குரல் வரும். இது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "தாகம் தீராதுதான். ஆனா தனியாத் தாகமா இருக்கிறதுக்கு இது தேவலை."

மூன்றாவது கோடையில் நான் மட்டும் மார்க்கெட் போயிருந்தேன். பண்டாக்காரரிடம், "பையா, மசாலா ஜ்யாதா" என்று அந்தக் கறுப்பு உப்பையே கூடப் போடச் சொல்லி என் வாயே கேட்டது. பாட்டிலில் பாதி குறைந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் இருமல் வரும்வரை சிரித்தீர்கள். "இறங்கிட்டியா ரயிலை விட்டு!" என்றீர்கள். அந்தக் குளிர்காலத்தில் போய்விட்டீர்கள்.

நீங்கள் நினைத்திருந்தால் என்னை வெறும் காவல்காரியாகவே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கோடு போட்ட அந்தப் பாட்டிலை நினைத்து நினைத்தே நான் வெந்திருப்பேன். உங்கள் தாகத்தில் பாதியை எனக்குக் கொடுத்து, கூடவே ஒரு நாக்கையும் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இன்று அந்த டம்ளரை வாங்கிக்கொண்டேன். உதட்டை மட்டும் நனைத்துவிட்டு நம் பெண்ணிடம் நீட்டினேன். கறுப்புக் கோலாவும் கோல்டு காப்பியும் தவிர வேறெதையும் தொடாதவள், முகத்தைச் சுளித்தாள். "நீ குடி" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, மறு பேச்சில்லாமல் குடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மம்மி."

"இது ஒரு பதிலா?"

திரும்பி என்னைப் பார்த்தாள். அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டு இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பாள்! வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல பல்லுல ஜில்லுனு தண்டா ஏறுது..." என்று அவளுடைய பாதி இந்தித் தமிழில் ஆரம்பித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.