திரும்பி ஏறும் வழி

மார்ச் 4

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். புகார் எழுதுகிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. போனில் உன் குரலைக் கேட்க விருப்பமில்லை, அதனால் தபால்.

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த நம் விமான நிலையத்தில், மேகம் மூடியிருந்தாலும் கருவிகளை நம்பி இறங்குவதற்குப் புதிய பாதை வரைந்துவிட்டேன். நான் முன்பு வரைந்த பழைய பாதையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், "பயந்தாங்கொள்ளி போட்ட கோடு, ஓடுபாதை கண்ணில் படுவதற்குள் திரும்பச் சொல்கிறது" என்று மேலிடத்துக்கு எழுதினாயே, அதன் விளைவு. அந்த வருஷம் என் பதவி உயர்வு அடுத்த மேசைக்குப் போனது.

இந்தப் பாதையைப் பறந்து சோதிக்க உன்னைப் போட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. படம் இத்துடன்.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தில் 'அன்புள்ள'வைக் காணோம். மேகத்துக்குள் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று உன்னிடம் சொன்னால் ஒரு வாரம் முறைப்பாய் என்று பயந்தேன். இப்போது மூன்று வருஷமாக முறைக்கிறாய்.

படம் பார்த்தேன். ரொம்பக் கீழே இறக்கிவிட்டாய். ஓடுபாதை தெரியாவிட்டால் அங்கிருந்து வழக்கத்தைவிடச் செங்குத்தாக ஏறித் திரும்ப வேண்டும். புழுக்கமான மதியத்தில், இருக்கை நிறைய ஆளோடு, எங்கள் விமானம் அப்படி ஏறாது. எதிரே மலை. பயந்தாங்கொள்ளி இல்லை என்று எனக்குக் காட்டத்தான் இப்படிப் போட்டாயா?

இந்த முறை மேலிடத்துக்கு எழுதவில்லை. உனக்கு மட்டும்.

தம்பி

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் படத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். விதிப்படி தவறில்லை. ஆனால் எங்கள் வேலையில் திரும்பி ஏறும் வழியை உறுதி செய்துகொண்டுதான் இறங்கும் கோட்டைப் போட வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருக்கிறேன், உன்மேல் இருந்த கடுப்பில்.

மாற்றிவிட்டேன். இறங்குவதா திரும்புவதா என்று கொஞ்சம் மேலேயே முடிவெடுத்து, பள்ளத்தாக்கு திறக்கும் ஆற்றுப் பக்கம் திரும்பலாம். சாதாரணமாக ஏறினால் போதும். பழைய பாதையைவிடக் கீழே, உன் அன்றைய ஆசையைவிட மேலே. இதற்கு மேல் பேரம் கிடையாது.

"யார் கடுதாசி, சிரிச்சுக்கிட்டே படிக்கிறீங்க?" என்று உன் அண்ணி கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள் டாக்டரிடம் கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது.

சோதனைப் பறப்பு திங்கட்கிழமை. உன் பின்னால் இருக்கும் இருக்கையில் வரைந்தவனும் வருகிறான். இதை நான்தான் கேட்டேன்.

அண்ணன்