பெயின்ட் வாளியில் ஒரு பிள்ளை

ஜூலை 11, செவ்வாய்

மேல்தாடைப் பல்செட் ஒன்று இன்றும் திரும்பி வந்தது. சிரித்தால் கழன்று விழுகிறதாம். அப்படி விழுந்து விழுந்து சிரிக்க அந்த ஆளுக்கு என்ன வந்தது என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பல்செட் செய்கிறவனுக்கு வாய் இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தால் மேடம் சமையலறையில் தேங்காயும் கையுமாக நிற்கிறாள். மேடம் என்பது என் மனைவியின் மகளுக்கு இந்த நோட்டில் மட்டும் நான் வைத்திருக்கும் பெயர். வயது பதினொன்று. கல்யாணம் முடிந்து நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது விதையை முளைக்க வைத்துக் கொண்டுவரச் சொன்னார்களாம், பத்து நாளில்.

"பயறு வெச்சா மூணு நாள்ல முளைச்சிடுமே" என்றேன்.

"எல்லாரும் அதான் கொண்டு வருவாங்க. தேங்காய்தான் ரொம்பப் பெரிய விதை. உங்களுக்குத் தெரியாதா?"

உங்களுக்கு. அம்மாவை நீ என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அவளுடைய அப்பாவிடம் "எப்ப வருவ? என்ன வாங்கிட்டு வருவ?" என்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம்கூட "ஆன்ட்டி, என் சட்டையை எப்பதான் தருவ?" என்று சண்டை போடுகிறாள். எனக்கு மட்டும் வாங்க, போங்க, சாப்பிடுங்க. என்னவோ நான் பேங்க் மேனேஜர் மாதிரி! கூப்பிடுவதற்கும் ஒரு சொல் கிடையாது. அவளுடைய தோழிகள் என்னை 'பல்லு அங்கிள்' என்கிறார்கள். இவள் அதுவும் சொல்ல மாட்டாள். 'இந்தாங்க' என்பாள். இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுவாள்.

அப்பா என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார். அது எனக்கு வேண்டாம். அந்த நீ ஒன்று கிடைத்தால் போதும்.

ஜூலை 21, வெள்ளி

தேங்காய் அழுகி நாறுகிறது. பயறு கொண்டுபோன அத்தனை பேருக்கும் மார்க், மேடத்துக்கு முட்டை. அழவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 23, ஞாயிறு

இளநீர் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "சார், மட்டையை உரிச்சுட்டு வெச்சா அழுகாம என்ன செய்யும்?" என்று சிரித்தார். மட்டையோடு முற்றிக் காய்ந்த காய் ஒன்றைத் தேடி எடுத்து, என் காதருகே ஆட்டிக் காட்டினார். உள்ளே தண்ணீர் குலுங்கியது. குலுங்கினால்தான் முளைக்குமாம்.

ஊறப்போட வாளித் தண்ணீரில் அமுக்கினால் மிதந்து மிதந்து மேலே வருகிறது. மேடம் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து அதன் தலையில் வைத்தாள். ஊறியதும் வராந்தாவில் பழைய பெயின்ட் வாளியில் மண்ணும் மணலும் போட்டு, பாதி வெளியே தெரியப் படுக்க வைக்க வேண்டும்.

"எப்ப முளைக்கும்?"

"நாலு மாசம் ஆகும். ஆறுகூட ஆகலாம்."

"மார்க் போனது போனதுதான். சும்மா வெச்சுப் பாக்கலாம். முழுப் பரீட்சை முடிஞ்சா நான் இங்க இருப்பேனோ என்னவோ."

சாதாரணமாகத்தான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பே அவள் அம்மா கொடுத்த வாக்கு அது. ஒரு வருஷம் எங்களோடு இருந்து பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் அப்பாவோடு போய் இருந்துகொள்ளலாம், முடிவு அவளுடையது. வாக்குக் கொடுத்தவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். நான்தான் விளக்கைப் போட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, புதன்

வாளித் தண்ணீர் கீழே ஒழுகி, தையல்காரம்மா காயப்போட்டிருந்த திரைச்சீலையில் செம்மண் கறை. நல்ல வார்த்தையாகத் தேடித் தேடித் திட்டினார். வாளிக்கு அடியில் தட்டு வைத்தாயிற்று. முளை இல்லை.

செப்டம்பர் 9, சனி

காலையில் பல் தேய்த்துக்கொண்டே காயைத் தூக்கி அடியில் வேர் வந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இன்று பின்னால் செருமல்.

"தினம் தூக்கிப் பாக்கறது நீங்கதானா?"

"நான் எங்க தூக்கினேன்?"

"விரலைப் பாருங்க. மண்ணு."

"அது சரி, தினம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளும் தூக்கிப் பார்க்கிறாளாம்! இருவர் மாற்றி மாற்றிப் பிடுங்கினால் எந்த வேர் பிடிக்கும்? இனி யாரும் தொடுவதில்லை என்று ஒப்பந்தம். கை கொடுக்க நீட்டினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

தொடவில்லை. சத்தியமாக. விளக்கைப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் 25, சனி

முளைத்துவிட்டது! மட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு, சுண்டுவிரல் நுனி அளவு, வெள்ளையாக. முதலில் பார்த்தது மேடம். "அம்மா! ஓடி வா, ஓடி வா!" என்று வீடே அதிரக் கத்தினாள். அம்மா மருந்துக் கடையில் வேலையில் இருக்கிறாள் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பக்கத்தில் இருந்தவன் நான் மட்டும்தான். என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு, "பாருங்க" என்றாள்.

பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த 'ங்க' மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும்.

டிசம்பர் 14, வியாழன்

படியிறங்கும்போது தையல்காரம்மா, வாயில் ஊசியோடு, "பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"என்னத்தச் சொல்ல. வேளைக்கு எல்லாம் செஞ்சு வெச்சாலும் முகம் குடுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது."

ஊசியை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் தென்னம்பிள்ளையைக் கேட்டேன் தம்பி."

என் முகத்தில் ஈயாடவில்லை. மாமரத்துக்கும் வாழைக்கும் கன்று என்று சொல்கிறோம். தென்னைக்கு மட்டும் பிள்ளை என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ! வீட்டில் சொன்னால் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

வேலையிடத்தில் பல் அச்சில் ஊற்றிய மாவு காயும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முளைத்து வெளியே வந்த பிறகும் அது மாதக்கணக்கில் காயின் பருப்பைத்தான் உள்ளேயிருந்து தின்று வளர்கிறதாம். அப்படியானால் நான் ஊற்றுகிற தண்ணீர்? அது இல்லாமலும் முடியாது. ஆனால் தண்ணீரை வைத்துக்கொண்டு யார் உறவு கொண்டாட முடியும்? தெரியவில்லை. ஊற்றுவோம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மூன்றாவது இலை பிரிகிறது. அதை எழுத உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை.

வராந்தாவில் அவள் அப்பாவோடு போன். ஒட்டுக்கேட்கவில்லை, ஜன்னல் திறந்திருந்தது. "அங்க எனக்குத் தனி ரூம் இருக்குமா? அலமாரி? சரி, பரீட்சை முடிஞ்சதும் வந்துடறேன். நீ வந்து கூட்டிட்டுப் போ."

அவ்வளவுதானா? ஒரு வருஷம் அவ்வளவுதானா? நான் என்ன குறை வெச்சேன்? ஒரு நாள் குரல் உயர்த்தினேனா? — சே, சின்னப் பிள்ளை, அதனுடைய அப்பன்கிட்ட போகுது. எனக்கு என்ன வந்தது? வருது. அழுகையா வருது. அதான் உண்மை.

மனைவியிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றுவிடுவாள்.

மார்ச் 22, வெள்ளி

வாளியின் அடித்துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கிறது. மாடியில் எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்? பல் டாக்டர் வீட்டில் பெரிய தோட்டம், தென்னை வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அதற்கு நல்ல மண் கிடைக்கும் என்று மனைவியிடம் சொன்னேன்.

இங்கே பொய் எழுத முடியாது. அவள் போன பிறகு தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

மார்ச் 23, சனி

நேற்று படிப்பு மும்முரத்தில் அவள் வராந்தாப் பக்கமே வரவில்லை. இன்று காலையில் போனவள் அப்படியே திரும்பி வந்தாள்.

"வாளி எங்க?"

"டாக்டர் வீட்டுக்குக் குடுத்துட்டேன்மா. அங்க மண்ணு —"

"குடுத்துட்டியா? உன்ன யாரு குடுக்கச் சொன்னா? உனக்கு அறிவே இல்லையா? நீ பாட்டுக்குத் தூக்கிக் குடுத்துடுவியா? அது என்ன உன் ஒருத்தனோடதா?"

என் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏய்! யார்கிட்ட பேசற? மரியாதையா பேசு!"

"இரும்மா, இரு. அவ பேசட்டும். இவ்வளவு நாள் குடுத்த மரியாதையே போதும்" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"நீதான் போகப்போறியே" என்றும் சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்தது.

"எங்க போறேன்? லீவுக்குத்தானே போறேன்! ரெண்டு வாரம்! உன்கிட்ட யாரு சொன்னா நான் ஒரேயடியா போறேன்னு? என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. பிப்ரவரியிலிருந்து மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேனே தவிர, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அழுதாள். இந்த வீட்டில் அவள் என் முன்னால் அழுதது இதுதான் முதல்முறை. எனக்கும் கண் கலங்கியது. மனைவி கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

மார்ச் 24, ஞாயிறு

டாக்டர் வீட்டுக்குப் போனோம், இருவரும். குழி வெட்டியிருந்தார்கள், நல்ல வேளை, நடவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மேடம் முன்னால் போய் நின்றாள். "டாக்டர், இவர் என்னைக் கேக்காமக் குடுத்துட்டார். இவருக்கு ஒண்ணும் தெரியாது. நாங்க எடுத்துட்டுப் போறோம்." டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய கடைவாய்ப் பல்வரை தெரிந்தது.

ஆட்டோவில் வாளி எங்கள் இருவர் மடியிலும். இலை என் கண்ணில் குத்தியது. "ஒழுங்கா பிடி" என்றாள்.

மார்ச் 31, ஞாயிறு

பெரிய டிரம்முக்கு மாற்றினோம். மண்வெட்டி பிடிக்க எனக்குத் தெரியவில்லையாம்.

மே 9, வியாழன்

மேடம் லீவுக்கு அவள் அப்பா வீட்டில். தினம் சாயங்காலம் போன் வருகிறது. எடுத்ததும் "அம்மா, போனை அவர்கிட்ட குடு" என்கிறாளாம். என் மனைவிக்குக் கொஞ்சம் பொறாமை. பின்னணியில் அவளுடைய அப்பாவின் இருமல் கேட்கிறது. அவர் பக்கத்தில் இருக்கும்போதே என்னிடம் அப்படிப் பேசுகிறாள்.

"இன்னிக்குத் தண்ணி ஊத்துனியா?"

"ஐயோ, மறந்தே போயிட்டேன்."

"மறந்துட்டியா? நீயெல்லாம் என்ன ஆளு? உன்னை நம்பி ஒரு செடியை விட்டுட்டு வர முடியுதா? சனிக்கிழமை நான் வீட்டுக்கு வர்றேன், இரு உன்னைப் பேசிக்கறேன்..."

பேசிக்கொண்டே போனாள். நான் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. தண்ணீரைக் காலையிலேயே ஊற்றிவிட்டிருந்தேன்.