பதினோராம் கணினியை அணைக்காதீர்கள்

மார்ச் 4, செவ்வாய்

மொழியியல் ஆய்வு மாணவி வந்தாள். நேற்று ஒலிப்பதிவுக் கருவியைத் திருப்பிக் கொடுத்தவள். விதிப்படி உள்ளே இருந்ததை அழித்துவிட்டுத்தான் கொடுத்தாள். நாடகத்துறைக்காரர்கள் அதை வாங்கிப்போய் ஒத்திகை முழுக்கப் பதிந்தும்விட்டார்கள்.

"என்னோடதெல்லாம் பதினோராம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு சார்."

இந்த ஆய்வகத்தில் எந்தக் கணினியை அணைத்தாலும் மாணவர்கள் சேமித்ததெல்லாம் போய்விடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கிறேன். யார் படிக்கிறார்கள்?

நல்லவேளை, நேற்றிலிருந்து அதை யாரும் அணைக்கவில்லை.

மார்ச் 5, புதன்

பக்கவாதத்தில் பேச்சை இழந்த அவள் அம்மா, மெல்ல மெல்லப் பேசப் பழகிய மாதங்களின் பதிவு அது. இப்போது அம்மா நன்றாகப் பேசுகிறார். திரும்பப் பதியவே முடியாது.

வைரஸுக்குப் பயந்து பென்டிரைவ் துளைகளை அடைத்துவிட்டார்கள். நெட்வொர்க்கும் பழுது. கணினி மையத்துக்காரரிடம் கெஞ்சினேன். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து திறந்துவிடறேன் சார். அதுவரைக்கும் யாரையும் கிட்ட விடாதீங்க."

'அணைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். சாயங்காலம் பார்த்தால் கீழே யாரோ 'ஃபேனையும்' என்று சேர்த்திருக்கிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

துப்புரவு அம்மாவிடம் இன்று மறுபடியும் சொன்னேன். "காலைல சொன்னதே காதுல இருக்குய்யா. போய்ச் சாப்பிடுங்க."

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காலையிலேயே மின்சாரம் போயிற்று. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பழைய பேட்டரி. மாணவி முகத்தில் ஈயாடவில்லை. "போச்சா சார்?"

நிருபராக இருந்த நாளில், வானொலி முன்னால் டேப்பை வைத்து எத்தனை உரைகளைப் பிடித்திருக்கிறேன். இது ஏன் மூன்று நாளாகத் தோன்றவில்லை? திறந்துவிடுவார்கள், திறந்துவிடுவார்கள் என்றே இருந்துவிட்டேனே — மடையன்.

"ஒண்ணே ஒண்ணு. எது வேணும்? சீக்கிரம் சொல்லும்மா."

முதல் சொல் வந்த நாளைப் போட்டாள். ஒலிபெருக்கியிடம் என் கைபேசியைப் பிடித்தேன். மின்விசிறிகள் நின்றிருந்தன. அறையில் இருந்த பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. அந்த அம்மா ஏதோ கேட்கிறார். க... க... என்று தொடங்கி நின்றுபோகிறார். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "கண்ணாடி." மகளின் அழுகை. சிரிப்பு.

திரை அணைந்தது.

மிச்சமெல்லாம் போய்விட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மா சொன்னாராம்: "வேணும்னா மறுபடி திக்கித் திக்கிப் பேசறேன், பதிஞ்சுக்கோடி."

ஏப்ரல் 16, புதன்

அந்த ஒரு பதிவை மட்டும் வைத்து ஆய்வை எழுத நெறியாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்ததாம். சொல் வருவதற்கு முன்னால், அந்த நீண்ட மௌனத்தில், ஓர் ஆண் குரல் மெதுவாக "சொல்லுங்கம்மா, சொல்லுங்க" என்கிறதே, அது யார், அப்பாவா?

"என்ன சொன்னே?" என்றேன்.

"ஆய்வகத்துல ஒருத்தர்னு சொன்னேன் சார்."

நான் வாய் திறந்தது எனக்கு நினைவில்லை.