மூன்றாம் எண் வண்டியின் எண்ணெய்க் கசிவு

நாள் 211, காலை 07:10
செவ்வாய், வடசமவெளி. எழுதுவது ஆவுடையம்மாள், நில ஆய்வாளர். உடன் யாரும் இல்லை. கல் மாதிரிகள் எடுத்தாயிற்று. நிலையம் ஒன்பது மணி நேரப் பயணம். கையில் முப்பது மணி நேரத்துக்குக் காற்று. வண்டி இருபத்திரண்டு வயதுப் பழைய பிக்கப். மீத்தேனில் ஓடும், மனம் இருந்தால். அடியில், தரையில், உள்ளங்கை அளவு கறுப்பு ஈரம். எண்ணெய்க் கசிவு. காரணம் தெரியாமல் கசியும் வண்டியைக் கிளப்பக் கூடாது என்பது நிலைய விதி. விதியை எழுதியவர் செவ்வாய்க்கு வந்ததில்லை.

09:30
நிலைய மெக்கானிக் ததேயுஸ் வானொலியில் பேசினான்.
"யக்கா, அது பேரன் பேத்தி பாத்த வண்டி. ஒழுகத்தான் செய்யும். ஆயில் வடிக்கிற ட்ரெயின் நட்டு, ஆயில் சீல் ரெண்டையும் பாருங்க."
"பாத்தாச்சு. ரெண்டும் இறுக்கமா இருக்கு."
"தொட்டுப் பாத்தியளா, தள்ளி நின்னு பாத்தியளா?"
"மல்லாந்து படுத்து, மூஞ்சி இடிக்கத் தொட்டுப் பாத்தேன். ஒன் வேலைய நான் பாக்கேன், என் கல்ல நீ வந்து பாரு."

11:15
அடிப்பாகத்தைத் துடைத்து, பவுடர் தூவி, எங்கே நனைகிறது என்று பார்ப்பது வழக்கம். பவுடர் இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய திருநீறு கால் கிலோ இருந்தது. என்ஜின் அடி முழுக்கப் பூசினேன். இந்த வண்டியை இவ்வளவு பக்தியாக நான் பார்த்ததில்லை. கீழே ஓர் அட்டையை விரித்தேன்.

15:40
திருநீறு பூசியபடியே இருக்கிறது. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மேல்கோட்டில் நிற்கிறது. அட்டையின் மேல்பக்கத்தில் ஒரு துளிகூட இல்லை.
அட்டையைத் தூக்கினேன். கீழ்ப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.
வெளியே மைனஸ் அறுபத்தொன்று. இந்தக் குளிரில் தரையில் சிந்தும் எந்த எண்ணெயும் கல்லாகியிருக்க வேண்டும்.

16:05
வண்டி கசியவில்லை. விதிப்படி கிளம்பலாம். இதில் மகிழ்ச்சி வரவில்லை. ததேயுஸிடம் சொன்னேன்.
"யக்கா, இங்கயும் நாலு வண்டிக்குக் கீழயும் அப்படித்தான். காலையிலேருந்து தொடச்சிக்கிட்டே கெடக்கோம். பழைய வண்டிதானேன்னு நெனச்சிட்டோம். என் கையாளு மரியசூசை அடியில படுத்துப் பாத்துட்டிருக்கான்."
"எப்பப் போனான்?"
"சாப்பாட்டுக்கு முன்னாடி."
"வெளிய வரச் சொல்லு."
"சொல்லிட்டேன். காலு ரெண்டும் தெரியுது, ஆட்டுதான். வாயத் தொறக்க மாட்டேங்கான். இருங்க, இழுத்துப் பாக்கேன்."

16:50
நாற்பது முறை அழைத்தேன். பதில் இல்லை.

17:20
இன்னும் இருபது மணி நேரக் காற்று. நிலையத்தை விட்டால் செவ்வாயில் வேறெங்கும் காற்று கிடையாது. சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. ஒருநாளும் இப்படிக் கிளம்பியதில்லை.

19:05
வானொலியில் ததேயுஸின் குரல்.
"வணக்கம். நிலையத்தில் கசிவு எதுவும் இல்லை. போதுமான காற்று உள்ளது. தாங்கள் வண்டியை நிறுத்தி, அடியில் படுத்து, ஒருமுறை சரிபார்த்த பின் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்."
ததேயுஸ் எனக்கு வணக்கம் சொன்னதே இல்லை. இது எங்கள் விதிப் புத்தகத்தின் தமிழ். அங்கே யாரோ அதை முழுக்கப் படித்திருக்கிறார்கள். எங்களில் ஒருவரும் படித்ததில்லை.

19:30
நிற்கவில்லை. நேரே நிலையத்துக்குத்தான் ஓட்டுகிறேன். மூச்சுக்கு வேறு வழியில்லை. இதைக் கண்டெடுப்பவருக்கு: வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். யார் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும்

20:10
நிலையத்தின் கதவுக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். ஒன்பது மணி நேரத் தூரத்தை நான் மூன்றே மணி நேரத்தில் கடந்திருக்க முடியாது. நிலையம்தான் எதிரே வந்திரு