துரைக்கண்ணுவின் பாதி

1966 பிப்ரவரி 3, வியாழன்

இன்றும் அதே கதைதான். இவர் சாப்பிட்டு எழுந்தார். பட்டாளத்தில் சோறு வாங்கும் மெஸ் டின்னைத் தானே தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மண் போட்டுத் தேய்த்தார், வெயிலில் கவிழ்த்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை. நான் குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

கல்யாணமான மாதமே இவரைக் காஸாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். ஐ.நா. படையில் ஒரு வருடம். இப்போதுதான் லீவில் வந்திருக்கிறார், மாதக் கடைசியில் போய்விடுவார். என் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு, அம்மா வீட்டுச் சீர், சும்மா கிடக்கிறது. அந்த அலுமினியப் பெட்டியில் தின்றால்தான் இவருக்குச் சோறு இறங்குமாம்.

என் ஓரகத்தி ஜெயம்மாள் அக்காவுக்கு அந்தக் குறையில்லை. அவள் வீட்டுக்காரர், பெரியவர், தறியிலிருந்து எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டு, தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு கருவாடு வைத்துவிட்டுப் போவார். அதே தட்டில் சோறு போட்டுக்கொண்டு அக்கா எனக்கு நேரெதிரே உட்காருவாள். “இந்த மனுசன பாரேன்மா, வேணான்னாலும் எனக்குன்னு எடுத்து வெச்சிட்டுப் போவுது.”

நான் கழுவிய தட்டில் போட்டுக்கொண்டு தின்றேன்.

பிப்ரவரி 5, சனி

சாயங்காலம் வீட்டில் கண்காட்சி. தறியை நிறுத்திவிட்டுத் தெருவே வந்துவிட்டது. இவர் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு நாட்டுப் பட்டாளமும் சாப்பிடும் டின்னை எடுத்துக் காட்டினார். ஸ்வீடன்காரன் டின் மொச்சைக்கொட்டை போல வளைந்திருக்கிறது, இடுப்பில் ஒட்டி மாட்டிக்கொள்ளவாம். அடியில் ஓட்டை போட்ட தகரக் கூடு, அதற்குள் ஸ்பிரிட் அடுப்பு. பிரேசில்காரன் டின்னுக்கு வாணலி மாதிரி கைப்பிடி. அதையே மேலே மடக்கினால் மூடிக்குப் பூட்டு. நம்முடையது சதுரம், பெரியதற்குள் சின்னது அடக்கம். பெரியதில் சோறு, சின்னதில் டீ.

“பாகிஸ்தான்காரன்து?” என்று பக்கத்து வீட்டு நமச்சிவாயம் கேட்டார்.

“நம்மள்துதான். ரெண்டு பேருக்கும் வெள்ளைக்காரன் வெச்சிட்டுப் போன அச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றாகத்தான் பேசுகிறார். என்னிடம் இத்தனை பேசியதில்லை.

“ஸ்வீடன்காரன் சும்மாவா குடுத்தான்?”

“சும்மா எங்க? கல்யாணத்துல போட்ட பட்டுத் துண்டக் குடுத்து வாங்கினேன்.”

அது என் அப்பா நெய்த துண்டு.

பிப்ரவரி 6, ஞாயிறு

வயிறு எரிகிறது. குழம்பில் காரம் ஒன்றும் அதிகமில்லை.

பிப்ரவரி 9, புதன்

துரைக்கண்ணு, துரைக்கண்ணு, துரைக்கண்ணு. வேலூர்ப் பக்கத்து ஆள், காஸாவில் இவரோடு ஜோடியாகக் காவல் நின்றவன். துரைக்கண்ணு பாடுவான், துரைக்கண்ணு மணலில் ரொட்டி சுடுவான். இன்று பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “சாப்பாட்டு வண்டி வர லேட்டாச்சின்னா ஒரே டின்தான். சோத்து நடுவுல வெரலால ஒரு கோடு. இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் துரைக்கண்ணுக்கு. கோட்டத் தாண்டமாட்டோம்.” தரையிலேயே விரலால் கோடு இழுத்துக் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

ஆக, அந்த டின்னில் பங்கு உண்டு. எனக்குத்தான் இல்லை.

எனக்கு என்ன குறை? கருப்பா, குட்டையா, சமைக்கத் தெரியாதா? ஒரு வாய்ச் சோறு மிச்சம் வைக்கக்கூடவா நான் — வேண்டாம். எழுதி என்ன ஆகப்போகிறது.

பிப்ரவரி 11, வெள்ளி

செய்துவிட்டேன்.

இவர் திருப்புட்குழிக்குக் கூட்டாளியைப் பார்க்கப் போயிருக்கிறார், நாளைதான் வருவார். தெருவில் “ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று குரல் வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுச் சாமானை வெளியே கொடுக்கமாட்டார்கள். கொடுத்தேன். ஸ்வீடனையும் பிரேசிலையும் தொடவில்லை. துரைக்கண்ணு தின்ற டின்தான், பெரியதும் சின்னதும். இரண்டு கை பேரீச்சம்பழம் போட்டான்.

நிம்மதியாக இருக்கிறது. அது நிம்மதிதானா?

பிப்ரவரி 12, சனி

இவர் திரும்பி வந்ததும் அத்தை அந்தப் பழத்தையே தன் பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். இவர் வாயில் போட்டுக்கொண்டு, “இது பழமா, புளியா? காஸால மரத்துலேர்ந்தே பறிச்சித் தின்னோம். ஏது இது?” என்றார்.

“உன் பொண்டாட்டி பழைய சாமான் போட்டு வாங்கினா.”

மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். மெல்லுவது நின்றது. நேரே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்.

“ஏம்மா? அது சர்க்கார் சாமான். திரும்பிப் போனா கிட் பரேடுல ஒவ்வொரு சாமானா எண்ணுவான், நான் இன்னா சொல்லுவேன்?”

அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துகொண்டது. அத்தை நிற்கிறார், அக்கா நிற்கிறாள், எதுவும் தெரியவில்லை. “எங்கப்பா நெய்ஞ்ச துண்டக் குடுத்து நீங்க டின் வாங்கலாம், நான் டின்னக் குடுத்துப் பழம் வாங்கக் கூடாதா? துரைக்கண்ணுக்கு மட்டும் பாதி, எனக்கு ஒரு பருக்கை வெச்சீங்களா? தினம் நின்னுக்கினு பாக்கறேனே!”

இவர் டிரங்குப் பெட்டியை மூடினார். “எச்சிய ஒருத்தருக்கு வெக்கறதா?” என்றார். “பட்டாளத்துல அதவிடக் கேவலம் வேற இல்லம்மா. உனக்குப் போய் எச்சி வெப்பனா?”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படி ஒரு கணக்கு அந்த மனதில் இருந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 13, ஞாயிறு

நேற்றே வாலாஜாபாத் வரை பேரீச்சம்பழக்காரனைத் தேடி, கிடைக்காமல் திரும்பினார். இன்று விடிந்ததும் தென்னேரிப் பக்கம் போயிருக்கிறார். நான் சாப்பிடவில்லை. விரதம் எல்லாம் இல்லை, இறங்கவில்லை.

பிற்பகல் திரும்பி வந்தார். பெரிய டின் கிடைத்துவிட்டது, ஒரு மூலை ஒடுங்கியிருக்கிறது. சின்னதை உருக்கப் போடுவதற்காகச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கிவிட்டார்களாம். பரேடில் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

டின்னைக் கழுவிக் கொடுத்தார். சோறு போட்டேன், நெத்திலிக் குழம்பு ஊற்றினேன். வழக்கம்போல் தள்ளி நின்றேன்.

“உக்காரு.”

“எங்க?”

“எதிருல.”

வீட்டில் ஆம்பிளைகளோடு நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. அத்தை, “இன்னாடா இது கூத்து?” என்றார். இவர் காதில் வாங்கவில்லை. சோற்றின் நடுவில் விரலால் கோடு இழுத்தார், குழம்பு அந்த வாய்க்காலில் ஓடியது. “அந்தப் பக்கம் உன்னுது.”

அழுதேன், தின்றேன், இரண்டும் சேர்ந்தேதான். நெத்திலி என் பக்கமே அதிகம் இருந்தது. இவர்தான் தள்ளிவிட்டார், நான் பார்த்தேன். கோட்டை நான்தான் முதலில் தாண்டினேன்.

பிப்ரவரி 20, ஞாயிறு

தினமும் ஒரே டின். அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும்.

பிப்ரவரி 28, திங்கள்

ரயிலேறிவிட்டார். பட்டாளத்தில் திரும்பவும் துரைக்கண்ணுவோடுதான். பொறாமை போய்விட்டதென்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 6, ஞாயிறு

இன்று கறிக்குழம்பு. பெரியவர் சாப்பிட்டு, ஓரத்தில் ஒரு எலும்பும் கறியும் வைத்துவிட்டு எழுந்து போனார். ஜெயம்மாள் அக்கா அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். இன்று எனக்கு நேரெதிரே உட்காரவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சோறு போட்டுக்கொண்டு அந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்திராணி, அந்தக் கோடு எப்படிமா போடறது?”

“தெரியாதுக்கா,” என்றேன். “அவருதான் போடுவாரு.”