பக்கத்து இருக்கையில் யார்?

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து ஐந்து பேர். மூன்றாவது ஆள் கிளட்சை விட்ட வேகத்தில் என் இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் என்று நினைத்தேன். டாக்டர் போன வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்த வருடத்தோடு காரில் உட்கார்கிற வேலையை நிறுத்தியாக வேண்டும். பதினேழு வருடம் அடுத்தவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து, என் காலடியில் இருக்கிற இன்னொரு ப்ரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடியே காலத்தை ஓட்டியாயிற்று.

அண்ணனிடம் சொன்னேன். டிரைவிங் ஸ்கூல் அவருடையது, நான் சம்பளக்காரி. "ஆபீஸ்ல உக்காந்து லைசென்ஸ் ஃபாரம் நிரப்பு, யாரு வேணாங்கறா" என்றார், தலையை நிமிர்த்தாமல். ஃபாரம். இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு ஃபாரம்.

நான் கோச் ஆகப் போகிறேன் என்றேன்.

"எந்த ஆட்டத்துக்கு?" என்று கேட்டார்.

மார்ச் 4, புதன்

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது வங்கிக்காரிதான். மூன்று மாதமாக என்னிடம் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், முப்பது வயது இருக்கும். காரில் உட்கார்ந்தால் எல்லாப் பெண்களும் பேசுவார்கள். கண் சாலையில் இருக்கிறது, என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால் இருக்கலாம். மாமியார், மேனேஜர், கடன், கர்ப்பம் எல்லாம் மூன்றாவது கியரில் வெளியே வந்துவிடும். நானும் வாய் ஓயாமல் வழி சொல்வேன். ஒருநாள் வங்கிக்காரி சொன்னாள்: "அக்கா, நீங்க இதையே தொழிலா பண்ணலாம். எங்க பேங்குக்கு கோச்சுனு ஒருத்தர் வராரு. உங்க கால் தூசிக்குப் பொறமாட்டாரு."

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டில் விளக்கினேன். வேலையிலோ வாழ்க்கையிலோ ஒரு முடிவு எடுக்க முடியாமல் திணறுகிறவரோடு உட்கார்ந்து பேசி, அவரையே முடிவெடுக்க வைப்பதுதான் கோச்சின் வேலை. என் வீட்டுக்காரர், இவர், ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன், எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். "அவங்களே முடிவெடுக்கணும்னா நீ எதுக்கு?" என்றார். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

பயிற்சிப் பள்ளிகளைத் தேடினால் நூறு வருகிறது. எல்லாமே முதலிடம். இரண்டாமிடம் என்று ஒன்றுகூட இல்லை.

ஒரு பள்ளியின் வலைப்பக்கத்தில் தெரியாமல் என் நம்பரைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். தேன்குரல் என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்று ஆறாவது தடவை.

"வாழ்த்துகள் மேடம், நீங்க தேர்வாகிட்டீங்க."

"நான் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லையே."

"அதான் மேடம் உங்க ஸ்பெஷல்."

எரிச்சலை அடக்கிக்கொண்டு எனக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயத்தைக் கேட்டேன். நான் ஒருவரோடு பேசிப் பழகும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்து என் தப்பைப் பார்க்கப் போவது யார்?

"எல்லாம் வீடியோவா இருக்கு மேடம், எப்ப வேணாலும் பாக்கலாம்."

"நான் வீடியோவைப் பாக்கறேன் சரி. என்னைப் பாக்கறது யாரு?"

"ஆயுசு முழுக்கப் பாக்கலாம் மேடம்."

போனை வைத்துவிட்டேன். வீடியோ பார்த்து எவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள்?

மார்ச் 8, ஞாயிறு

இடுப்பு. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஒரு ஓட்டல் அரங்கில். இரண்டு நாளில் கோச் ஆக்கிவிடும் பள்ளி. முதல் நாள் இலவசம் என்பதால் போனேன், இரண்டாம் நாள் பாதியில் விடக்கூடாது என்கிற ரோஷத்தால் போனேன். இருநூறு பேர் இருப்பார்கள், காதைக் கிழிக்கும் பாட்டு. எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்து "நீ ஒரு மலை" என்று சொல்ல வேண்டுமாம். என் எதிரில் ஒரு பல் டாக்டர். அவரும் என்னைப் போலவே கூச்சப்பட்டு, என்னை மலை என்று சொல்லும்போது கூரையைப் பார்த்தார்.

மேடையில் இருந்தவரிடம் மைக் வாங்கி அதே கேள்வியைக் கேட்டேன். பயிற்சியில் என் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

அவர் கண்ணை மூடினார். "உங்க பக்கத்துல உங்க உள்மனசு உக்காந்திருக்கும்மா." இருநூறு பேரும் கை தட்டினார்கள்.

உள்மனதுக்கு ப்ரேக் இருக்கிறதா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. சாயங்காலம் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள், என் பெயரில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. இரண்டு நாளில் கோச். ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுக்கவே எனக்கு ஆறு நாள் ஆகிறது.

மார்ச் 17, செவ்வாய்

அண்ணன் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "ஃபிரேம் போட்டு மாட்டிடலாமா?" என்றார். ஆபீஸில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு இது தேவையா?

தேவைதான். வேறு என்ன செய்யச் சொல்கிறார்கள்?

மார்ச் 19, வியாழன்

மூன்றாவது பள்ளி. கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டே அறை. நடத்துகிற அம்மாளுக்கு அறுபது இருக்கும். சிரிக்கவில்லை, வாழ்த்தவில்லை, குடிக்கத் தண்ணீர்கூட நான்தான் கேட்டு வாங்கினேன். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேரைத்தான் சேர்ப்பாராம். கறார் அம்மாள்.

என் கேள்வியைக் கேட்டேன். "முதல்ல ஒரு ஆளோட இருபது நிமிஷம் பேசி, பதிவு பண்ணி அனுப்புங்க. அவங்க சம்மதத்தோட. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

சேர்த்துக்கொள்வதற்கு முன்னாலேயே டெஸ்டா? எங்கள் ஸ்கூலில்கூட இப்படி இல்லை. ஆனாலும் இறங்கி வரும்போது மனது கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. பேசத்தானே சொன்னார்? பேச்சில் என்னை யார் அடித்துக்கொள்ள முடியும்?

மார்ச் 21, சனி

பதிவு முடிந்தது. வங்கிக்காரியே சம்மதித்தாள். வகுப்பு முடிந்து மைதானத்து ஓரமாகக் காரை நிறுத்தி, போனை முன்னால் வைத்துப் பேசினோம். அவளுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, ஆனால் வேறு ஊர். போவதா வேண்டாமா என்று தவிக்கிறாள். புருஷன் உள்ளூர். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நன்றாக வந்தது. எனக்கே திருப்தி. கடைசியில் "போறேங்க்கா" என்றுகூடச் சொல்லிவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள் பாவம், ஏசி ஒத்துக்கொள்வதில்லை போல.

வீட்டில் இவருக்கும் மகளுக்கும் போட்டுக் காட்டினேன். "டிவில பேசற மாதிரி பேசறியே" என்றார் இவர். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

சேர்க்கவில்லை.

ஒரு தாள் வந்திருக்கிறது. "இருபது நிமிடத்தில் நீங்கள் பேசியது பதினான்கு நிமிடம். சொன்ன யோசனைகள் பதினொன்று. கேட்ட கேள்விகள் இரண்டு, இரண்டுக்கும் பதிலை நீங்களே சொன்னீர்கள். இந்தத் தடவை இடம் தர இயலாது. செப்டம்பரில் அடுத்த சேர்க்கை." கீழே இன்னும் ஏதோ இருந்தது. நான் படிக்கவில்லை. மடித்து டிராயரில் போட்டேன்.

பதினான்கு நிமிடமாம். ஸ்டாப் வாட்ச் வைத்து எண்ணியிருக்கிறார் அந்த அம்மாள். நான் பேசாமல் இருந்திருந்தால் இந்தப் பதினேழு வருடத்தில் எத்தனை பேர் லாரிக்கு அடியில் போயிருப்பார்கள்? "ப்ரேக்" என்று கத்த வேண்டிய இடத்தில் "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? வழி தெரிந்தவள் வழி சொன்னால் குற்றமா? மாடியில் உட்கார்ந்துகொண்டு தாளில் எண் எழுதுகிறவருக்கு என்ன தெரியும்... ரோட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

இவரிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் ஒரு மாதத்துக்கு ஓட்டுவார்.

ஏப்ரல் 1, புதன்

தேன்குரல். சலுகை வெள்ளியோடு முடிகிறதாம். முதல் தடவையாக அவள் குரல் எனக்கு இதமாக இருந்தது. யாராவது ஒருத்தருக்காவது நான் வேண்டியிருக்கிறேனே. விண்ணப்பத்தை அனுப்பச் சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மத்தியானம் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தேன். மகள் பேனா தேடி டிராயரைத் திறந்தவள், அந்தத் தாளைப் படித்துக்கொண்டு நின்றாள். பிடுங்கப் போனேன்.

"அம்மா, கடைசி வரியப் படிச்சியா நீ?"

"எதுக்குப் படிக்கணும்? அதான் வேணாம்னுட்டாங்களே."

"படி."

"எட்டாவது நிமிடத்தில் அவர் ஒன்று சொல்கிறார். மறுபடியும் கேளுங்கள். கேட்டதும் அழித்துவிடுங்கள், நான் அழித்துவிட்டேன்" என்று எழுதியிருந்தது.

அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். எட்டாவது நிமிடத்தில் என் குரல்தான் இருந்தது. சித்தி பெண் வெளியூர் போய் எப்படிச் சமாளித்தாள் என்கிற கதை. இரண்டாவது தடவை என் குரலை விட்டுவிட்டு அதன் அடியில் கேட்டேன். அவள் சொல்கிறாள்: "புது ஊர்னு பயமில்லக்கா. போனா திரும்பி வரவே மாட்டேனோன்னுதான்..."

நான் அதன் மேலேயே ஏறிப் பேசுகிறேன். "அதெல்லாம் ஒரு மாசத்துல பழகிடும்மா."

அவள் ஊரைப் பற்றிச் சொல்லவே இல்லை. புருஷனோடு இருக்கிற வீட்டைப் பற்றிச் சொல்கிறாள். இனி அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேனோ என்று அவளுக்கே பயமாக இருக்கிறது. அதைச் சொல்ல மூன்று மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள். சொன்னாள். நான் சித்தி பெண் கதையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஏசியாம், ஏசி.

இதை வீட்டில் வேறு போட்டுக் காட்டினேன். மூன்று பேர் கேட்டோம், மூன்று பேர் காதிலும் விழவில்லை. அவள் சம்மதித்தது அந்த அம்மாள் கேட்பதற்கு, என் வீட்டுக் கூடத்தில் ஓடுவதற்கு இல்லை. வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

தேன்குரலிடம் வேண்டாம் என்றேன். "ஏன் மேடம், காரணம் சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள். அவளுக்கும் மேலே ஒரு மேனேஜர் இருப்பான், பாவம். நன்றி சொல்லி வைத்தேன்.

பிறகு கறார் அம்மாளைக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேனோ, எனக்கே தெரியவில்லை.

"அந்த எட்டாவது நிமிஷம் உங்களுக்கு உடனே கேட்டுதாம்மா?"

"இல்ல. நாலு தடவை கேட்டேன். மூணாவது தடவைதான் எனக்கே புரிஞ்சுது. நாலாவது தடவை சரிபாத்துக்கிட்டேன்."

சேர்த்துக்கொள்ளாத ஒருத்தியின் பதிவை நாலு தடவை. மற்றவர்கள் என் பெயரைக்கூட ஒழுங்காக எழுதவில்லை.

"செப்டம்பருக்கு வரேன்" என்றேன்.

"மறுபடியும் பதிவு அனுப்பணும். இடம் கிடைக்கும்னு இப்ப சொல்ல முடியாது."

"தெரியும்."

"சரி" என்றார். வாழ்த்து அப்போதும் கிடையாது.

ஏப்ரல் 6, திங்கள்

அண்ணனிடம் சொன்னேன். காலையில் ஆபீஸில் ஃபாரம், சாயங்காலம் இரண்டே வகுப்பு, செப்டம்பர் வரை. "ஃபெயிலாயிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். கேலி செய்ய வாயைத் திறந்தவர், நான் ஆமாம் என்றதும் என்ன செய்வது என்று தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஃபாரம் நிரப்புவது நரகம். நீல மையா கறுப்பு மையா என்று இன்று ஒரே நாளில் பதினைந்து பேர் கேட்டார்கள்.

வங்கிக்காரி வகுப்புக்கு வரவில்லை. கூப்பிட்டுப் பேசலாமா? என்ன பேசுவது? பேச ஆரம்பித்தால் வக்கீலைப் பார், அம்மா வீட்டுக்குப் போ, புருஷனிடம் நான் பேசட்டுமா என்று நாலு யோசனை என் நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது. கையைக் கட்டிப்போடலாம், வாயை எப்படிக் கட்டுவது?

ஏப்ரல் 9, வியாழன்

நாளை காலை அவளுக்கு டெஸ்ட். சாயங்காலம் கடைசி வகுப்புக்கு வந்தாள். மைதானத்தைத் தாண்டிப் பெரிய சாலைக்கு விட்டேன். முதலில் ஒரு விஷயம் சொன்னேன். அந்தப் பதிவை என் வீட்டாருக்குப் போட்டுக் காட்டினேன், அது தப்பு, அழித்துவிட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு கேட்டேன். "அன்னைக்கு, போனா திரும்பி வரவே மாட்டேனோன்னு சொன்னே. நான் கேக்காம விட்டுட்டேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் பேசவில்லை. இரண்டு சிக்னல் கடந்தோம். என் வாய் மூன்று தடவை திறந்தது, மூன்று தடவையும் மூடினேன். மூன்றாவது தடவை பல்லில் நாக்கு கடிபட்டது. பாலத்துக்கு முன்னால், நான் சொல்லாமலே, இன்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள். பிறகு சொன்னாள்.

வீட்டுக்கு வரத் தாமதம். அண்ணனிடமிருந்து நாலு அழைப்புகள். இவர் தட்டை எடுத்து வைத்தபடி, "இவ்ளோ நேரம் என்ன பேசினா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

"அது அவ விஷயம்" என்றேன்.

இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து, காரில் யார் என்ன சொன்னாலும் சாப்பாட்டுக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும்.

இங்கேயும் எழுதப் போவதில்லை.